மூச்சுக் குழாயை எடுக்கும் கை யாருடையது? கருணைக்கொலை விவாதமும் இராமநாதபுரம் கடற்கரையின் சமயங்களும்

மதுரையிலிருந்து இராமநாதபுரம் வழியாகப் பாம்பன் பாலத்தைக் கடந்து தீவுக்குள் நுழையும் ஆம்புலன்ஸ்களில் சில, நோயாளியை வீட்டில் வைத்து உயிர் பிரியட்டும் என்பதற்காகத் திருப்பிக் கொண்டுவருகின்றன. "இனிமேல் செய்வதற்கு ஒன்றுமில்லை, வீட்டுக்குக் கொண்டு போயிருங்க" என்று மருத்துவர் சொல்லியிருப்பார். செலவுக் கணக்கும் கையைக் கடித்திருக்கும். வழியெல்லாம் ஒருவர் காற்றுப் பையை அழுத்திக்கொண்டே வருவார், வாசலை அடைந்து உறவினர் கூடியதும் அது அகற்றப்படும், வாயில் பாலோ தீர்த்தமோ ஜம்ஜம் நீரோ விடப்படும். இதைக் கருணைக்கொலை என்று இந்தக் கடற்கரையில் யாரும் அழைப்பதில்லை. ஆனால் உச்ச நீதிமன்றம் கருணைக்கொலையைப் பற்றிப் பேசியதாகச் செய்தி வரும்போது, "உயிரை எடுக்க மனிதனுக்கு என்ன உரிமை இருக்கிறது?" என்று அதே வீட்டில்தான் கேள்வி எழுகிறது.

இதைப் போலித்தனம் என்று ஒதுக்கிவிடுவது எளிது. அது சரியான முடிவாகாது. வெவ்வேறான பல செயல்களை ஒரே சொல்லால் அழைப்பதால் வந்த குழப்பம் இது. அந்தச் சொல்லைப் பிரித்துப் பார்த்தால், சமயங்களுக்கும் சட்டத்துக்கும் இடையே உள்ள சண்டையின் பெரும்பகுதி கரைந்துபோகிறது. கரையாமல் மிஞ்சும் பகுதிதான் விவாதிக்கத் தக்கது.

ஒரு சொல், நான்கு செயல்கள்

1. நோயாளி தெளிந்த மனத்துடன் கேட்டுக்கொள்ள, மருத்துவர் மருந்து செலுத்தி அவர் உயிரை முடித்துவைப்பது. "தன்விருப்பக் கருணைக்கொலை" என்ற சொல் இதை மட்டுமே குறிக்க வேண்டும். நெதர்லாந்தில் 2002 ஏப்ரல் முதலும், அதே ஆண்டில் பெல்ஜியத்திலும், 2016இல் கனடாவிலும், 2021இல் ஸ்பெயினிலும் கடுமையான நிபந்தனைகளோடு இது சட்டமானது. இந்தியாவில் இது குற்றம். பதினெட்டு வயதைக் கடந்தவர் தம் சாவுக்கு இசைந்திருந்தால், இன்றைய குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 101ஆவது பிரிவிலுள்ள ஐந்தாம் விதிவிலக்கு அதைக் கொலை என்ற நிலையிலிருந்து ஒரு படி இறக்குகிறது. குற்றமே இல்லை என்று விடுவிப்பதில்லை.

2. மருத்துவர் மருந்தை எழுதிக் கொடுக்க, நோயாளி அதைத் தானே எடுத்துக்கொள்வது. அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் 1997 முதல் இது நடைமுறையில் உள்ளது. இந்தியாவில் இது தற்கொலைக்குத் துணைபோதல்; அதே சன்ஹிதாவின் 108ஆவது பிரிவின்படி பத்தாண்டு வரை சிறை.

3. நோயை மாற்ற முடியாமல் சாவை மட்டும் தள்ளிப்போடும் சிகிச்சையைத் தொடங்காமல் விடுவது, அல்லது தொடங்கியதை நிறுத்துவது. வென்டிலேட்டர், டயாலிசிஸ், நின்ற இதயத்தை அழுத்தி இயக்க முயல்வது ஆகியவை இதில் அடங்கும். செய்தித்தாள்கள் இதைத்தான் "செயலற்ற கருணைக்கொலை" என்று எழுதுகின்றன. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2018இலேயே இந்தப் பெயரைக் கைவிடச் சொல்லிவிட்டது, ஆனாலும் பெயர் ஒட்டிக்கொண்டுதான் இருக்கிறது.

4. வலியைத் தணிக்க மார்ஃபின் போன்ற மருந்தைக் கொடுப்பது. ஆயுள் அதனால் ஒருவேளை சற்றுக் குறையலாம் என்று தெரிந்தும் கொடுப்பது.

மூளைச்சாவு இந்த நான்கிலும் சேராது. 1994ஆம் ஆண்டின் உறுப்பு மாற்றுச் சட்டம் மூளைத்தண்டுச் சாவை இறப்பாகவே ஏற்கிறது. பல ஆண்டுகள் நினைவின்றிக் கிடக்கும் நிலை வேறு: அங்கே மூளைத்தண்டு இயங்குகிறது, மூச்சு தானாக வருகிறது, கண்கூடத் திறந்து மூடுகிறது.

நீதிமன்றம் நடந்த பாதை

1996இல் கியான் கௌர் வழக்கில் ஐந்து நீதிபதிகள் அமர்வு, வாழும் உரிமைக்குள் சாகும் உரிமை அடங்காது என்று தீர்ப்பளித்தது. ஆனால் கண்ணியமாக வாழும் உரிமை இயற்கையான முடிவு வரை நீள்கிறது என்றும், சாவு தொடங்கிவிட்டவருக்கு அந்த முடிவும் கண்ணியமாக அமையலாம் என்றும் அதே தீர்ப்பு குறிப்பிட்டது. பின்னால் திறந்த கதவுக்குக் கீல் இந்தக் குறிப்புதான்.

மும்பை மருத்துவமனை ஒன்றில் செவிலியராக இருந்த அருணா ஷான்பாக் 1973 நவம்பரில் கொடூரமாகத் தாக்கப்பட்டு நினைவிழந்தார். அவருக்கு ஊட்டுவதை நிறுத்த அனுமதி கேட்ட மனுவை 2011 மார்ச் 7 அன்று உச்ச நீதிமன்றம் தள்ளுபடி செய்தது; ஆனால் உயர் நீதிமன்ற ஒப்புதலோடு மூன்றாம் வகைச் செயலைச் செய்யலாம் என்று அதே தீர்ப்பில் வழி வகுத்தது. அவரைப் பராமரித்த செவிலியர்கள் அந்த மனுவை எதிர்த்தவர்கள் என்பதை மறக்கக் கூடாது. 2015 மே மாதம் அவர் நிமோனியாவால் இறந்தார்.

காமன் காஸ் என்ற தன்னார்வ அமைப்பு 2005இல் தொடுத்த வழக்கில் 2018 மார்ச் 9 அன்று வந்த தீர்ப்பு, சிகிச்சையை மறுத்து முன்கூட்டியே எழுதிவைக்கும் ஆவணத்தை, அதாவது லிவிங் வில்லை, ஏற்றது. அதற்கு விதித்த நடைமுறை எவராலும் பின்பற்ற இயலாத அளவுக்குச் சிக்கலாக இருந்ததால், 2023 ஜனவரி 24 அன்று மற்றோர் ஐவர் அமர்வு அதை எளிமையாக்கியது. இத்தனை ஆண்டுகளிலும் முதல் இரண்டு செயல்களுக்கு எந்தத் தீர்ப்பும் இடம் தரவில்லை. "இந்தியாவில் கருணைக்கொலைக்கு அனுமதி" என்ற தலைப்பைப் படிப்பவர் இதை நினைவில் கொள்ள வேண்டும்.

கடற்கரையின் சமயங்கள் சொல்வது

பாம்பனிலும் தங்கச்சிமடத்திலும் வாழும் கத்தோலிக்க மீனவக் குடும்பங்களிலிருந்து தொடங்கலாம், ஏனெனில் இந்தக் கேள்விக்கு மிக விரிவாக எழுத்தில் விடை வைத்திருப்பது அவர்களுடைய திருச்சபைதான். முதல் இரண்டு செயல்களையும் அது பாவம் என்கிறது. 1980இல் வெளியிட்ட அறிக்கையிலும் 1995இல் போப் இரண்டாம் ஜான் பால் எழுதிய சுற்றுமடலிலும் இதில் ஐயத்துக்கு இடமில்லை. ஆயினும் 1957 நவம்பரில் மயக்க மருத்துவர்களிடம் பேசிய போப் பன்னிரண்டாம் பத்திநாதர் (பயஸ்), உயிரைக் காக்கச் சாதாரண வழிகளைக் கையாளவே மனிதர் கடமைப்பட்டவர் என்றும், நோயாளிக்கும் பிறருக்கும் பெருஞ்சுமையாகும் அசாதாரண வழிகளுக்குக் கட்டாயம் இல்லை என்றும் கூறினார். அதே ஆண்டின் பிப்ரவரியில், வலி தணிப்பதே நோக்கமாக இருந்தால் மருந்து ஆயுளைக் குறைத்தாலும் தரலாம் என்றும் விளக்கியிருந்தார். ஆக, மூன்றாவதும் நான்காவதும் அங்கே அறுபது ஆண்டுகளுக்கு மேலாக அனுமதிக்கப்பட்டவை. நம் உச்ச நீதிமன்றத்துக்கு முன்பே வத்திக்கான் அந்த இடத்தை அடைந்துவிட்டது.

இதே மாவட்டத்தின் ஓரியூரில் 1693இல் தலை வெட்டுண்ட அருளானந்தரைத் திருச்சபை புனிதராக வணங்குகிறது. வரும் சாவுக்கு அஞ்சி ஓடாதவரைப் போற்றும் அந்த மரபு, சாவைத் தேடிப் போவதை ஏற்பதில்லை. நோயில்பூசுதல் என்னும் அருளடையாளத்துக்காகப் பங்குத்தந்தையை அழைக்கும் குடும்பம், சாவு நெருங்கியதை ஒப்புக்கொள்கிறது. அதை விரைவுபடுத்தும்படி கேட்கவில்லை.

கீழக்கரை, பெரியபட்டினம், தொண்டி ஆகிய ஊர்களின் முஸ்லிம்களுக்கு உயிர் என்பது இறைவன் ஒப்படைத்த அமானிதம். "உங்களை நீங்களே கொன்றுகொள்ளாதீர்கள்" என்ற குர்ஆன் வசனமும், காயத்தின் வேதனை தாளாமல் தன் உயிரை முடித்துக்கொண்டவருக்குச் சுவனம் மறுக்கப்பட்டதைச் சொல்லும் நபிமொழியும் முதல் இரண்டு செயல்களின் கதவை அடைத்துவிடுகின்றன. துன்பத்தின் பொருட்டுச் சாவை வேண்டக் கூடாது என்றும் நபிமொழி உண்டு; வேண்டியே தீர வேண்டுமானால், வாழ்வு நலமாயின் வாழ்வையும் சாவு நலமாயின் சாவையும் தருமாறு இறைவனிடம் கேட்கலாம் என்று அது வழி காட்டுகிறது.

இந்த ஊர்களில் பெரும்பாலோர் பின்பற்றும் ஷாஃபி மத்ஹபில், அதாவது இஸ்லாமியச் சட்ட மரபுகளுள் ஒன்றில், மருத்துவம் செய்துகொள்வது பொதுவாக விரும்பத்தக்கது என்ற தரத்தில் உள்ளது. கடமை என்ற தரத்தில் இல்லை. வலிப்பு நோய்க்காகப் பிரார்த்திக்கும்படி கேட்ட பெண்ணிடம், பொறுமை காத்தால் சுவனம் உண்டு என்று நபிகள் கூற, அவர் பொறுமையைத் தேர்ந்தெடுத்தார் என்ற செய்தி இதற்கு ஆதாரமாக எடுத்துச் சொல்லப்படுகிறது. 1986இல் அம்மானில் கூடிய பன்னாட்டு இஸ்லாமிய ஃபிக்ஹ் (சமயச் சட்ட) அகாடமி, மூளைச்சாவு உறுதியானபின் கருவிகளை அகற்றலாம் என்று முடிவு செய்தது. மூளைச்சாவைச் சாவாக ஏற்காத ஆலிம்களும், அதாவது மார்க்க அறிஞர்களும், உள்ளனர். சக்ராத் எனப்படும் உயிர் பிரியும் நிலையில் இருப்பவரைச் சுற்றி அமர்ந்து குர்ஆனின் யாசீன் அத்தியாயத்தை ஓதிக் கலிமாவை நினைவூட்டுவதற்குத் தீவிர சிகிச்சைப் பிரிவில் இடம் கிடைக்காது என்பதும், வீட்டுக்குக் கொண்டுபோகக் குடும்பங்கள் துடிப்பதற்கு ஒரு காரணம்.

இந்து சமயத்தில் ஒரே குரலில் தீர்ப்புச் சொல்லும் பீடம் இல்லை. எடுத்த வினையை அனுபவித்தே தீர வேண்டும், இடையில் அறுத்தால் மிச்சம் அடுத்த பிறவிக்குத் தொடரும் என்ற நம்பிக்கை முதல் இரண்டு செயல்களையும் தடுக்கிறது. எதிர்ப்புறம், உணவைத் துறந்து உடலை விடுவதற்குத் தமிழில் தனிப் பெயரே இருக்கிறது: வடக்கிருத்தல். புறநானூற்றில் கோப்பெருஞ்சோழன் வடக்கிருந்ததும், பிசிராந்தையார் வந்து உடன் அமர்ந்ததும், வெண்ணிப் போரில் முதுகில் புண்பட்ட சேர மன்னன் நாணி வடக்கிருந்ததும் பதிவாகியுள்ளன. செஞ்சிக்கு அருகே திருநாதர்குன்றில், சந்திரநந்தி என்ற சமண ஆசிரியர் ஐம்பத்தேழு நாள் உண்ணாநோன்பு இருந்து உயிர் துறந்ததைச் சொல்லும் கல்வெட்டு இன்றும் உள்ளது. சமணர்களின் இந்த நோன்பைத் தற்கொலை என்று இராஜஸ்தான் உயர் நீதிமன்றம் 2015 ஆகஸ்டு 10 அன்று தீர்ப்பளித்தது. அதே மாத இறுதியில் உச்ச நீதிமன்றம் அத்தீர்ப்புக்குத் தடை விதித்தது.

நாட்டார் வழக்கமும் ஒன்று உண்டு. உயிர் இழுத்துக்கொண்டே கிடந்தால், ஏதோ ஆசை கட்டிப்போட்டிருக்கிறது என்பார்கள். மண்ணாசை என்று தோன்றினால் நிலத்து மண்ணைக் கரைத்த நீரையும், பொன்னாசை என்று தோன்றினால் காசை உரசிய நீரையும் வாயில் ஒரு சொட்டு விடுவார்கள். மருத்துவ அறம் பேசும் நூல்கள் இதைக் கண்டுகொள்வதில்லை. இதைச் செய்பவருக்கு, தாம் உயிரை எடுப்பதாக நினைப்பு இல்லை. போக விரும்பும் உயிருக்கு வழி விடுவதாகவே எண்ணுகிறார். கொல்லுதல், விடுதல் என்று சட்டம் தீட்டும் கோட்டினை மூதாட்டிகள் எப்போதோ அறிந்திருந்தார்கள்.

மூக்குக் குழாயில் தொடங்கும் உண்மையான பிரிவு

இதுவரை சொன்னதில், முதல் இரண்டு செயல்களை மூன்று சமயங்களும் இந்தியச் சட்டமும் சேர்ந்தே மறுக்கின்றன. மூன்றாவதையும் நான்காவதையும் கொள்கையளவில் ஏற்கின்றன. "ஆயுளைக் குறைக்க மனிதன் யார்?" என்று கேட்பவரிடம், "குறித்த நேரம் வந்தபின் கருவியால் நீட்ட மனிதன் யார்?" என்று திருப்பிக் கேட்கலாம், மூன்று சமயத்தாரும் அந்த இரண்டாம் கேள்வியின் நியாயத்தை மறுப்பதில்லை. மோதல் தொடங்குவது, மூக்கின் வழியே வயிற்றுக்குள் செலுத்தப்படும் மெல்லிய உணவுக் குழாயில்.

அந்தக் குழாய் சிகிச்சையா, சோறா? 1993இல், அப்போது நாட்டின் உச்ச நீதிமன்றமாகவும் இருந்த இங்கிலாந்தின் பிரபுக்கள் அவை, ஒரு வழக்கில் அதைச் சிகிச்சை என்றது. நம் உச்ச நீதிமன்றமும் 2011, 2018 தீர்ப்புகளில் அந்த வழக்கை விரிவாக ஆராய்ந்தது. சிகிச்சை என்றால் நிறுத்தலாம். ஆனால் 2004இல் இரண்டாம் ஜான் பால், செயற்கையாகக் கொடுத்தாலும் உணவும் நீரும் இயல்பான பராமரிப்பே, உடல் அதை ஏற்கும்வரை கொடுப்பது கொள்கையளவில் கடமை என்றார். 2007இலும் 2020இலும் வத்திக்கான் அதை உறுதி செய்தது. எனவே தங்கச்சிமடத்துக் கத்தோலிக்கர் ஒருவர் வென்டிலேட்டரை மறுத்து மனச்சான்று உறுத்தாமல் எழுதிவைக்கலாம். குழாய் உணவை மறுக்கும் முன் பங்குத்தந்தையிடம் பேச வேண்டியிருக்கும். கீழக்கரையிலும் ஆலிம்கள் பலர் உணவை நிறுத்த இசைவதில்லை. இராமேசுவரத்து முதியவர் ஒருவர், தாமே உணவை விலக்கிய முன்னோரை எண்ணி, அந்தக் குழாயைத்தான் முதலில் வேண்டாம் என்பார். ஒரே குழாய்க்கு ஒரே கடற்கரையில் மூன்று பொருள். மாநிலம் முழுவதற்கும் ஒரே படிவத்தை அச்சடித்துக் கொடுத்தால் போதும் என்று நினைப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

இரண்டாவது மோதல், உயிர் யாருடையது என்பதில். தன்விருப்பக் கருணைக்கொலையை ஆதரிப்பவர்களின் வாதம், என் உடல் என் உடைமை என்ற இடத்தில் நிற்கிறது; அமானிதம் என்றோ கொடை என்றோ வினைக்கடன் என்றோ நம்புபவர் அந்த இடத்துக்கே வரமாட்டார். இங்கே சமரசம் இல்லை, தேவையும் இல்லை. ஆனால் நம்பிக்கையாளர் தமக்கு விலக்கப்பட்டதைப் பிறருக்கும் சட்டத்தால் விலக்கலாமா என்ற கேள்வி தனியாக நிற்கிறது. சமயத்தை மட்டும் காரணமாகக் காட்டி எல்லோரையும் தடுக்க முடியாது என்பது இக்கட்டுரையின் நிலைப்பாடு. இந்தியாவில் தடுக்க வலுவான காரணம் வேறொன்று உள்ளது.

"தன்விருப்பம்" என்ற சொல்லின் எடை

அந்தக் காரணத்தை அறிய, இதே கடற்கரையில் ஏர்வாடியை நினைத்தால் போதும். 2001 ஆகஸ்டு 6 அதிகாலையில் அங்கே ஒரு மனநலக் காப்பகத்தில் தீப்பிடித்தபோது, சங்கிலியில் கட்டப்பட்டிருந்த 28 பேர் தப்ப முடியாமல் இறந்தார்கள். குடும்பங்கள்தான் அவர்களைக் கொண்டுவந்து விட்டிருந்தன. அவர்களுடைய விருப்பம் என்ன என்று கேட்டவர் எவருமில்லை. தென்மாவட்டங்களில் சில இடங்களில் முதியவர்களை எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டிச் சாகவைக்கும் "தலைக்கூத்தல்" என்ற கொடுமையையும் சிலர் கிராமத்துக் கருணைக்கொலை என்று எழுதுகிறார்கள். அது தவறான பெயர். கேட்காதவருக்குச் செய்வது கொலைதான். அதில் கருணை யார்மீது என்பதே தெளிவில்லை.

தாமே கேட்பவரிடத்திலும் சிக்கல் தீர்வதில்லை. "யாருக்கும் பாரமாக இருக்கக் கூடாது" என்று நம் முதியவர்கள் சொல்லும் வாசகத்தில் விருப்பம் எவ்வளவு, மருமகளின் முகச்சுளிப்பு எவ்வளவு, படகுக் கடன் எவ்வளவு என்று எந்த மருத்துவர் அளப்பார்? இராமேசுவரத்திலிருந்து மதுரை ஏறக்குறைய 170 கிலோமீட்டர். இராமநாதபுரத்திலேயே அரசு மருத்துவக் கல்லூரி 2022இல் திறக்கப்பட்டபின் நிலைமை சற்று மாறியிருந்தாலும், கடுமையான நோய்க்கு மேல்சிகிச்சை என்றால் இன்றும் மதுரையைத்தான் நினைக்கிறார்கள்.

வலி தணிப்பு இதைவிட முக்கியம். போதைப் பொருள் சட்டம் 1985இல் வந்தபின், உரிமங்களின் கெடுபிடியால் மருந்துக்கடைகளும் மருத்துவமனைகளும் மார்ஃபினை வைத்திருக்கவே தயங்கின. 2014இல் சட்டத் திருத்தம் வந்து அந்தக் கெடுபிடியைத் தளர்த்தியது. தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டில் தொடங்கிய "மக்களைத் தேடி மருத்துவம்" திட்டத்தில், வீடு தேடி வந்து தரும் நோய் ஆதரவுச் சிகிச்சையும் அடங்கும். புற்றுநோயாளி "என்னைக் கொன்றுவிடுங்கள்" என்று அலறுவதை விருப்பம் என்று பதிவு செய்வதற்கு முன், அவருக்கு உரிய அளவு மார்ஃபின் கிடைத்ததா என்று பார்க்க வேண்டும். நான்காவது செயல் சரியாக நடக்காத ஊரில் முதல் செயலைப் பற்றி வாக்கெடுப்பு நடத்துவது முறையாகாது.

எழுதிவைக்க விரும்புபவர் செய்ய வேண்டியது

2023ஆம் ஆண்டின் திருத்தப்படி நடைமுறை இது:

1. பதினெட்டு வயது நிரம்பி, தெளிந்த மனநிலையில் உள்ள எவரும் தாமாக எழுதலாம். இரண்டு சாட்சிகள் முன் கையெழுத்திட்டு, நோட்டரி அல்லது கெசட்டட் அதிகாரியிடம் சான்று பெற வேண்டும். முன்பிருந்தது போல் நீதித்துறை நடுவரிடம் போக வேண்டியதில்லை.

2. தம்மால் பேச இயலாதபோது முடிவெடுக்க வேண்டியவர்களின் பெயர்களை எழுத வேண்டும். ஒருவருக்கு மேற்பட்டவரையும் குறிக்கலாம். மனம் மாறினால் எப்போது வேண்டுமானாலும் ஆவணத்தை விலக்கிக்கொள்ளலாம்.

3. நேரம் வரும்போது, சிகிச்சை தரும் மருத்துவரும் ஐந்தாண்டு அனுபவமுள்ள இரு நிபுணர்களும் அடங்கிய முதல் குழு ஆராயும். மாவட்டத் தலைமை மருத்துவ அதிகாரி நியமிக்கும் மருத்துவர் ஒருவரும் வேறு இரு நிபுணர்களும் அடங்கிய இரண்டாம் குழு அதைச் சரிபார்க்கும். ஒவ்வொன்றும் கூடுமானவரை 48 மணி நேரத்துக்குள் முடிவு சொல்ல வேண்டும்.

4. இரு குழுக்களும் இசைந்தபின், கருவியை அகற்றும் முன் மருத்துவமனை நீதித்துறை நடுவருக்குத் தகவல் அனுப்பும். குழு மறுத்தால், இந்த மாவட்டத்தார் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையை அணுகலாம்.

ஆவணம் எழுதாதவருக்கும் குடும்பத்தாரின் இசைவோடு இதே இரு குழு முறை பொருந்தும். ஆகவே, தொடக்கத்தில் சொன்ன ஆம்புலன்ஸ் பயணத்துக்குச் சட்டப்படியான மாற்று இருக்கிறது: குழாயை அகற்றும் முடிவை இரு குழுக்களும் எழுத்தில் பதிவு செய்யலாம், வலி மருந்து தொடரலாம், பிறகு வீட்டுக்கு அனுப்பலாம். கர்நாடக அரசு 2025 ஜனவரியில் இந்தக் குழுக்களை அமைக்கத் தன் மருத்துவமனைகளுக்கு ஆணையிட்டது.

ஆவணத்தின் வாசகத்தை எழுதுபவரே முடிவு செய்கிறார் என்பதால், சமயத்துக்கும் அதில் இடம் உண்டு. "வென்டிலேட்டர் வேண்டாம், மூக்குக் குழாயை எடுக்காதீர்கள்" என்று கத்தோலிக்கர் எழுதலாம். "சக்ராத் நேரத்தில் என் பிள்ளைகள் அருகில் இருந்து ஓத வேண்டும், நினைவு முழுவதையும் மறைக்கும் அளவுக்கு மயக்க மருந்து கூடாது" என்று முஸ்லிம் எழுதலாம். "குழாய் எதுவும் வேண்டாம், அக்னி தீர்த்தத்தின் அலை கேட்கும் வீட்டுக்குக் கொண்டுபோங்கள்" என்று இராமேசுவரத்தார் எழுதினால், நோட்டரியின் முத்திரை அதற்கும் செல்லும்.